ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு சோழகம்

பட்டம் வாங்கிய கையோடு சிலருக்கு ஒரு வருத்தம் (நோய்தான்) வரும். கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் எதையாவது விளங்கப்படுத்த வேண்டும் என்ற நமைச்சல்தான் அது. எனக்கு அது கொஞ்சம் கடுமையாகவே வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். புவியியலில் பட்டம் எடுத்துக்கொண்டு எங்கள் ஊரான அளவெட்டிக்கு வந்த முதற் கிழமையே, வெங்காயத் தறைக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த அப்பாவை நிறுத்தி, மழை எப்படி உண்டாகிறது என்று கால் மணி நேரம் விளங்கப்படுத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"உதெல்லாம் சரி பிள்ளை, அங்கை வாய்க்கால் உடைச்சுப்போட்டுது. கொஞ்சம் தள்ளி நில்" என்றார்.

(உடைத்தது என் கால்தான். விளக்கத்தின் உற்சாகத்தில் வரம்பின் மேல் ஏறி நின்றிருக்கிறேன்.)

இந்த வருத்தம் முற்றிய நிலையில்தான் யாழ்ப்பாணத்தில் ஒரு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. காலநிலை மாற்றம் பற்றிக் கரையோர மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கண்டறிவதுதான் வேலை. ஆறு மாதம் தகுதிகாண் காலம். அது முடியும்போது கொழும்பிலிருந்து பணிப்பாளர் வந்து பார்ப்பார். அவருக்குப் பிடித்தால் நிரந்தரம். பிடிக்காவிட்டால், கனடாவில் இருந்த ஒருவருக்கு என்னைக் கட்டிக் கொடுப்பதென்று வீட்டில் முடிவாகியிருந்தது. நல்ல மனிதர் போலத்தான் இருந்தார். அனுப்பிய படத்தில் முழங்கால் வரை பனிக்குள் நின்று சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மார்கழிக் குளிரே ஒத்துக்கொள்ளாது. ஆகவே அந்த வேலையை நான் எப்படியாவது காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

குருநகரில் நாற்பது வீடுகள் எனக்கு ஒதுக்கப்பட்டன. கையில் எங்கோ தயாராகி எங்கோ மொழிபெயர்க்கப்பட்ட கேள்விப் படிவம். இருபத்துமூன்று கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி போடுவதற்குக் கட்டங்கள். கஞ்சி போட்டு அழுத்திய பருத்திச் சேலை, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, வியர்வை துடைக்க ஒரு லேஞ்சி சகிதம் போய் இறங்கினேன்.

முதல் வீடு மரியசீலி அக்காவுடையது. நாற்பது வயது இருக்கும். கரையில் குந்தியிருந்து வலையிலிருந்து நண்டு கழற்றிக்கொண்டிருந்தா. கேள்வியைக் காதால் கேட்டாவே ஒழிய, கண் நண்டை விட்டு விலகவில்லை.

"காலநிலை மாற்றம் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீங்களா அக்கா?"

"ஓம்."

நான் மகிழ்ச்சியோடு அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். 'ஆம்' என்றால் துணைக் கேள்விகள் ஏழு இருந்தன. எங்கே கேள்விப்பட்டீர்கள், யார் சொன்னது, எத்தனை தடவை...

அக்கா நிமிர்ந்து அந்த ஏழு கேள்வியையும் பார்த்தா. "அப்ப இல்லையெண்டு போடுங்கோ" என்றா.

"ஏனக்கா?"

"இல்லையெண்டால் உதெல்லாம் கேக்க மாட்டியள்தானே?"

கேட்கத் தேவையில்லைதான். 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டேன். (என் வாழ்க்கையின் ஆகப் பெரிய முட்டாள்தனங்களில் ஒன்றை இவ்வளவு நேர்த்தியாக, அதுவும் நீல மையால், செய்திருக்கிறேன்.)

"காலநிலை மாற்றத்தையிட்டு எவ்வளவு கவலைப்படுறீங்கள்? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கோ."

"கவலையை ஆரும் எண்ணிப் பாத்தவையே, பிள்ளை?"

"ஒரு எண் சொன்னால் போதும்."

"ஒண்டெண்டு போடுங்கோ. உங்களுக்கும் நேரம் போகுது, எனக்கும் நண்டு சாகுது."

சண்டைக்கும் சுனாமிக்கும் இடப்பெயர்வுக்கும் இடையில் அந்தச் சனம் காணாத படிவம் இல்லை. எந்தப் படிவத்தை எப்படிக் கெதியாக முடிப்பது என்பதில் அவர்கள் என்னைவிடப் பெரிய பட்டதாரிகள். மூன்றாவது வீட்டுக்கு நான் போய்ச் சேர முன்னமே செய்தி போய்விட்டது. நான் வாயைத் திறந்ததும் "இல்லை, இல்லை, இல்லை, ஒண்டு" என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி ஊற்றப் போனார்கள்.

வேடிக்கை என்னவென்றால், படிவத்தை மூடி வைத்ததும் எல்லோரும் கதைக்கத் தொடங்கினார்கள். மரியசீலி அக்கா மட்டும் அரை மணி நேரம் கதைத்தா. முன்பெல்லாம் சோழகம் (தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று) மத்தியானம் திரும்பிய பிறகுதான் எழும்பும், இந்த இரண்டு மூன்று வருடமாகப் பன்னிரண்டுக்கு முதலே எழும்புகிறது என்றா. தண்ணீர் சுட்டால் நண்டு ஆழத்துக்கு இறங்கிவிடும் என்றா. நான் தலையை ஆட்டி ஆட்டித் தேத்தண்ணி குடித்தேன். ஒரு வரியும் எழுதவில்லை. எழுத அதில் கட்டம் இருக்கவில்லை.

அலுவலகத்துக்கு வந்து அறிக்கை எழுதினேன். "இப்பகுதி மக்களிடம் காலநிலை பற்றிய விழிப்புணர்வு அறவே இல்லை. உடனடியாக விழிப்புணர்வுக் கூட்டம் நடத்தப்படல் வேண்டும்." 'அறவே' என்ற சொல்லின் கீழே கோடும் போட்டிருந்தேன். பணிப்பாளர் அதை வாசித்துவிட்டு, கூட்டத்துக்குத் தானே வருவதாக அறிவித்தார். அப்பாவிடம் வேலை நிரந்தரமான மாதிரித்தான் என்று சொல்லிவிட்டேன்.

கூட்டம் ஆடி மாதத்தில் ஒரு நாள், குருநகர்க் கரையில். விருந்தினர் கடலைப் பார்த்தபடி இருக்க வேண்டும் என்பது என் கலையுள்ளத்தின் விருப்பம். ஆகவே பந்தலின் கடல் பக்கத்தைத் திறந்து வைத்து, மற்ற மூன்று பக்கமும் துணியால் அடைக்கச் சொன்னேன். பின்பக்கத்தில் இருபதடி நீளப் பதாகை: "காலநிலை மாற்றத்தை எதிர்கொள்வோம்!" அன்று விடியற்காலை பந்தல்காரர் அலவாங்கால் மணலில் குழி தோண்டிக்கொண்டிருக்கும்போது, நண்டுக் கூடையோடு போன மரியசீலி அக்கா நின்றா.

"பிள்ளை, பந்தலின்ரை வாயைக் கடலுக்குத் திறந்து வைச்சிருக்கிறியள். காத்து உள்ளுக்கை வந்தால் எங்காலை போறது?"

"கூட்டம் ஒன்பது மணிக்கு அக்கா. பத்தரைக்கு முடிஞ்சிடும்."

"கொழும்பிலையிருந்து வாற ஆள் ஒன்பதுக்கு வருவாரோ?"

நான் கைபேசியை எடுத்து நீட்டினேன். அதில் ஒரு சிறிய சூரியனும் 'இளங்காற்று' என்ற சொல்லும் இருந்தன. அக்கா அந்தச் சூரியனைக் கொஞ்ச நேரம் பார்த்தா. "வடிவாய்த்தான் கீறியிருக்கினம்" என்று சொல்லிவிட்டுப் போனா.

பணிப்பாளர் பதினொன்றரைக்கு வந்தார். அதற்குள் நாற்பது வீட்டுச் சனமும் கதிரைகளில் இருந்து அலுத்துப்போயிருந்தது. மங்கல விளக்கேற்ற அழைத்தேன். பணிப்பாளர் தீக்குச்சியைத் தட்டினார், அணைந்தது. இன்னொன்று தட்டினார், அதுவும் அணைந்தது. நான் சேலைத் தலைப்பை விரித்து மறைப்புப் பிடித்தேன். தலைப்பு அவர் முகத்தை மூடியது. ஏழாவது குச்சியில் பின்வரிசையிலிருந்து மரியசீலி அக்காவின் குரல் கேட்டது.

"விளக்கே சொல்லுது. ஆர் கேக்கினம்?"

விளக்கை விட்டுவிட்டு ஒலிவாங்கியைப் பிடித்தேன். "அன்பார்ந்த மக்களே, உங்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது" என்று தொடங்கினேன். எனக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது சத்தியமாக எனக்குத் தெரியாது. பந்தல் மெல்ல ஒரு மூச்சு எடுத்தது. மூன்று பக்கத் துணிகளும் புடைத்தன. பிறகு வலப்பக்கத்து இரண்டு கால்கள் மணலை விட்டு எழும்பின. ஒன்றைப் பந்தல்காரர் கட்டிப்பிடித்தார், அவரும் எழும்பினார்.

பதாகை கயிற்றை அறுத்துக்கொண்டு நிலப்பக்கமாகப் பறந்து, வீதியில் நின்ற பணிப்பாளரின் வான் வண்டியின் முன்கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளே சாரதி நித்திரை. விழித்தவருக்கு முன்னால் உலகம் இருண்டு கிடந்திருக்கிறது. அவர் போட்ட சத்தத்தில்தான் நான் பேச்சை நிறுத்தினேன். (அதுவரை நிறுத்தவில்லை. விளங்கப்படுத்திக்கொண்டே இருந்தேன்.)

இனி நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு மயிர்க்கூச்செறியும். மரியசீலி அக்காவின் கணவர் பெனடிக்ற் அண்ணை எழும்பினார். அதிகம் கதைக்காத மனிதர். அன்று கரை முழுக்கக் கேட்கும் குரலில் மூன்று வசனம் சொன்னார்.

"பின்பக்கத்துத் துணியை அவிழுங்கோ, காத்துப் போகட்டும்! கடல் பக்கத்துக் கயித்தை விடாதையுங்கோ! இனிப் பாய் இறக்கிற மாதிரி இறக்குங்கோ!"

பத்துப் பன்னிரண்டு பேர் ஓடினார்கள். ஒருவரும் மற்றவரோடு முட்டவில்லை, ஒருவரும் கத்தவில்லை. பெண்கள் பிள்ளைகளையும் வயதானவர்களையும் கோயில் மதிலடிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஒரு மாதமாகத் திட்டம் போட்டுக் கட்டிய கோட்டையை அவர்கள் இரண்டு நிமிடத்தில் இறக்கி, மடித்து, அதன் மேல் கல்லும் வைத்துவிட்டார்கள். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. பந்தல்காரர் மட்டும் தன் காலைக் கட்டிப்பிடித்தபடி (பந்தலின் கால்) மணலில் இருந்து யோசித்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் மதிலடி நிழலில் தொடர்ந்தது. காற்று அங்கே வரவே இல்லை. அந்த இடத்தை மரியசீலி அக்கா காலையிலேயே எனக்குக் காட்டியிருக்கக்கூடும், நான் கேட்டிருந்தால். பணிப்பாளர் தலைமயிரைச் சரிசெய்துகொண்டு, "இந்தக் காற்று வரும் என்று உங்களில் யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

நாற்பது கை எழும்பியது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. கோப்பைத் திறந்து முதற் படிவத்தை எடுத்தார். "மரியசீலி... கேள்விப்பட்டதில்லை. கவலை, ஒன்று." சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மதிலுக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. கனடாப் பனி முழங்காலைத் தாண்டி இடுப்புக்கு ஏறுவதை உணர்ந்தேன்.

மரியசீலி அக்கா எழும்பினா. இனி என் கதை முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"சேர், நாங்கள்தான் இல்லையெண்டு போடச் சொன்னனாங்கள். ஓமெண்டால் ஏழு கேள்வி கூட இருக்கு. எங்களுக்குத் தொழில் இருக்குத்தானே. உந்தப் பேப்பரிலை நாங்கள் கதைக்க இடமில்லை. ஆனால் பிள்ளை எங்களோடை குந்தியிருந்து, தேத்தண்ணி குடிச்சு, முழுக் கதையும் கேட்டவ. எழுதத்தான் இல்லை."

பணிப்பாளர் கோப்பை மூடினார். "அப்படியென்றால் எழுதட்டும்" என்றார். எனக்கு இன்னும் ஆறு மாதம் கொடுத்தார். நாற்பது வீட்டுக்கும் திரும்பவும் போக வேண்டும், படிவம் இல்லாமல்.

இந்தத் தடவை வெறும் கொப்பி ஒன்றோடு போனேன். குனிந்த தலை நிமிராமல் எழுதினேன். தண்ணீரின் நிறம், காற்றின் நேரம், எந்தப் பாரில் (கடலடிப் பாறைத் திட்டு) எந்த மீன் காணாமல் போனது என்பதெல்லாம் வந்தன. பெனடிக்ற் அண்ணைகூட இரண்டு பக்கத்துக்குக் கதைத்தார். மரியசீலி அக்காவிடம் எனக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. மற்ற நாடுகளில் நடப்பது உங்களைப் பாதிக்குமா என்பது. பழைய படிவத்தில் அதற்கும் 'இல்லை' என்றுதான் சரி போட்டிருந்தேன்.

அக்கா வலையைக் கீழே வைத்தா. நான் கண்டு முதல் தடவையாக.

"ரீவியிலை ஒரு தீவைக் காட்டினவை பிள்ளை. தென்னை அடியெல்லாம் கடல் தண்ணி. சனம் சாமானைத் தலையிலை தூக்கிக்கொண்டு போகுது. நாங்களும் அப்பிடிப் போன சனந்தானே? எனக்குச் சோறு இறங்கேல்லை. அந்த ஞாயிறு பூசையிலை அவைக்காக ஒரு மன்றாட்டு எழுதி வாசிச்சனான்."

"எந்த நாடு அக்கா?"

"பேர் பிடிபடேல்லை. பேர் என்னத்துக்கு? கடல் ஒண்டுதானே."

நான் நாலு வருடம் படித்து, ஆயிரம் பக்கம் வாசித்து, ஒரு நாளும் அந்தத் தீவுக்காரருக்காக ஒரு வாய்ச் சோற்றை ஒதுக்கியதில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, அந்த மனுசியின் பக்கத்தில் மணலில் இருப்பதே பெருமையாக இருந்தது. அக்கா சொன்னதை அப்படியே எழுதி, அறிக்கையின் முதற் பக்கத்தில் வைத்தேன். வேலை நிரந்தரமானது. கனடாக்காரர் வேறொருவரைக் கட்டிக்கொண்டு, இப்போது பனிக்குள் இரண்டு பேராக நின்று சிரிக்கிறார்.

அந்தப் பதாகை பெனடிக்ற் அண்ணையின் படகில் எஞ்சினை மூடும் துணியாக இருக்கிறது. பாதி வெட்டுப்பட்டு 'எதிர்கொள்வோம்' மட்டும் மிஞ்சியிருக்கிறது. எங்கள் வீட்டில் நான் எதைக் கேட்டாலும் நேரே மறுமொழி வராது. "சாப்பிட்டீங்களா?" என்றால், "ஓமெண்டால் எத்தினை துணைக் கேள்வி?" என்பார் பிறகு எனக்கு வாய்த்த, பனியே காணாத என் கணவர். அப்பாவோ வீட்டில் எந்த விசேஷம் என்றாலும் ஐயரிடம் நாள் கேட்க முன் காற்றை விசாரிக்கக் குருநகருக்குத்தான் போன் எடுப்பார்.

போன மாதம் தம்பியின் கலியாணம். முற்றத்தில் பந்தல் போட்டு முடித்திருந்தது. கைபேசியில் அதே சிறிய சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. நான் அதை நம்பத் தயாரில்லை. மரியசீலி அக்காவுக்குப் போன் எடுத்து, "காத்து வருமா அக்கா?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கத்தில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறா என்று விளங்கியது.

"ஒண்டிலையிருந்து அஞ்சுக்குள்ளை, எவ்வளவு கவலைப்படுறாய் பிள்ளை?"

"அஞ்சு அக்கா" என்றேன். பொய்யில்லை.

"இப்பதான் சரியாய்ச் சொல்லுறாய். போய்க் கயித்தை இன்னொருக்கா இறுக்கிக் கட்டு. நான் வெளிக்கிட்டு வாறன்."