தண்ணீர் இருந்த பக்கம்

ஓய்வெடுக்கப் போகிறோம் என்று சொல்லிக் குடும்பத்தைக் கிளப்புகிறவனைப் போலக் களைத்துப் போகிறவன் உலகத்தில் கிடையாது. நான் ஒரே ஒருமுறைதான் அப்படிக் கிளப்பினேன். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை.

நாட்டில் சண்டை முடிந்து, கற்பிட்டிக் கடற்கரைக்கு வெள்ளைக்காரர்கள் வரத் தொடங்கியிருந்த காலம். கூடாரம் அடித்துத் தங்குவது திடீரென்று நாகரிகமாகிவிட்டது. நானும் கொழும்பில் ஒரு கூடாரம் வாங்கினேன். உண்மையான காரணம் வேறு. தில்லையடியில் என் வீட்டில் நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை. மனைவி ஸுலைஹா கேட்டதுபோலத் தலையாட்டுவாள்; பன்னிரண்டு வயது மகள் நஸ்ரின் அதுவும் செய்யமாட்டாள். என்னைத் தவிர வழிகாட்ட யாருமில்லாத ஓரிடத்தில் வைத்து என் மதிப்பைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தலாம் என்று கணக்குப் போட்டேன். (வீட்டில் நிற்காத மதிப்பு மணலில் எப்படி நிற்கும் என்று யோசிக்கவில்லை.)

கடல் பக்கம் முழுக்கக் கூடாரங்கள், பாட்டு, பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் சறுக்குகிறவர்கள். எனவே எங்களை ஏற்றி வந்த வாடகை வேன்காரரை உள்பக்கம் திருப்பச் சொன்னேன். பள்ளிவாசல்துறையையும் தாண்டி, பற்றைக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போய், கடலேரியான களப்பின் ஓரம் ஒரு வெற்று மணல்திட்டில் இறக்கிவிட்டு, நாளைக் காலை வருவதாகச் சொல்லி அவர் போய்விட்டார். வானம் மூடிக் கிடந்தது.

கூடாரத்தை நிமிர்த்த இரண்டு மணித்தியாலம் பிடித்தது. முளைகள் மணலில் நிற்கவில்லை. கறிச்சட்டி, தண்ணீர்க் கலன், பாண் பெட்டி என்று மூலைக்கொன்றாய்ப் பாரம் வைத்தோம். அதனால் யாருக்காவது பசித்தால் கூடாரம் சரிந்தது.

"வாசல் தண்ணிப் பக்கம் இருக்கட்டும். பொழுது படுறதப் பாத்துக்கொண்டே தேத்தண்ணி குடிக்கலாம்," என்றேன்.

பின்னேரத் தொழுகையான அஸருக்கு நேரமானது. கிப்லாவை, அதாவது மக்கா இருக்கும் மேற்கைப் பார்த்துத்தான் தொழ வேண்டும். தொழுகை நடத்த நான் முன்னால், தண்ணீரைப் பார்த்து நின்றேன். தாயும் மகளும் பின்னால்.

"வாப்பா, வெளிச்சம் நமக்குப் பின்னாலதானே கூட இருக்கு?" என்றாள் நஸ்ரின்.

"மேகத்தில வெளிச்சம் அப்படித்தான் சிதறும். முப்பது வருசமாத் தொழுறன், நீ எனக்குப் படிச்சுத் தாறியா?"

"ஓம் வாப்பா, நீங்க சொன்னாச் சரி."

இதைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்! கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினேன்.

கட்டியதும் எதிரே ஒரு மீனவரின் தோணி வந்தது. அவர் கரையேறும் இடத்தில்தான் நாங்கள் நின்றோம். தொழுகிறவர்களுக்குக் குறுக்கே போகக்கூடாதே, தடியை ஊன்றித் தோணியை நிறுத்திவிட்டார். கடைக்கண்ணால் அதைக் கண்ட நான், எங்கள் பக்தியில் அவர் மெய்மறந்துவிட்டதாக நினைத்தேன். குனிந்து நிற்கும் ருகூவை நீட்டினேன். நெற்றியை மணலில் வைக்கும் ஸுஜூதை அதைவிட நீட்டினேன். காற்று தோணியைத் தள்ள, அவர் ஊன்றி ஊன்றி நிறுத்த, நான் இன்னும் நீட்ட, நாலு ரக்அத் முடிவதற்குள் அந்த மனுஷனின் கை கழன்றிருக்கும்.

தொழுகையை முடித்து ஸலாம் கொடுக்கும்போது மேகம் விலகிச் சுளீரென்று வெயில் அடித்தது. முகத்தில் அல்ல, பிடரியில்.

"நானா, கோவிக்கப்படாது," என்று அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டார் தோணிக்காரர். "நீங்க எவ்விடம்?"

"தில்லையடி."

"அதானே பாத்தன்! அங்க களப்பு மேற்கால. நீங்க இப்ப சுத்திக்கொண்டு இக்கரைக்கு வந்திருக்கீங்க. நானும் தலைய ஆட்டி ஆட்டிக் காட்டினன், நீங்க நிமிரவே இல்லையே. கிப்லா அந்தப் பக்கம். நீங்க உங்கட ஊட்டப் பாத்துத்தான் தொழுதிருக்கீங்க."

எனக்கு மணலுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது. ஸுலைஹா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நஸ்ரின் சிரிக்கவில்லை. பாவம் வாப்பா என்பதுபோலப் பார்த்தாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"எந்தப் பக்கம் மகள்?" என்று கேட்டேன். கையை நீட்டிக் காட்டினாள். தோணிக்காரர் முகம், கை, கால் கழுவி ஒழுச் செய்துகொண்டு வந்தார். அவரையே முன்னால் நிற்கச் சொன்னேன். தொழுகை சுருக்கமாக முடிந்தது.

பொழுது கூடாரத்தின் முதுகுப் பக்கம் பட்டது. வாசலைத் திருப்ப ஒருவருக்கும் தெம்பில்லை. இருட்டிக்கொண்டு வந்த கிழக்கைப் பார்த்தபடி தேத்தண்ணீர் குடித்தோம்.

நஸ்ரின் இப்போது கலியாணம் முடித்துக் கனமூலையில் இருக்கிறாள். மூன்று வருடமாக நான் போய்வரும் வீடு. பாதையில் இரண்டே திருப்பம். ஆனாலும் நான் போகும்போதெல்லாம் மருமகன் மோட்டார் சைக்கிளோடு மதுரங்குளிச் சந்தியில் நிற்கிறார். "சும்மா இந்தப் பக்கம் வந்தன் மாமா," என்பார். மரியாதையான பிள்ளை, வேறொன்றும் சொல்லமாட்டார். நானும் கேட்பதில்லை. அவர் முன்னால் போக, நான் என் வண்டியில் பின்னால் போகிறேன்.