மெடல் குத்தும் பக்கம்

"நேத்து சாயங்காலம் மெடலை இடது பக்கம் குத்தியிருந்தீங்க," என்றார் செக்ஷன் சார், மாடிப்படியை மறித்து நின்றுகொண்டு.

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தன் மூக்குக்கண்ணாடிக் கடையைத் திறக்க நேரமாகிவிட்டது. "நானா? எங்கே?"

"உங்க பால்கனியில. கோட்டைப் போட்டுக்கிட்டுத் தெருவைப் பார்த்து நின்னீங்க."

"நேத்து சாயங்காலம் நான் கடையில இருந்தேன் சார்."

"அப்போ கோட்டு மட்டும் தனியா வந்து காத்து வாங்குச்சாக்கும்?"

செக்ஷன் சார் எதிர் பால்கனிக்காரர். ராணுவத்தில் விருதுகள் பிரிவில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர்ப்பட்ட பேருக்கு மெடல் அனுப்பிவைத்தவர்; தன் சட்டையில் ஒரு பித்தளைப் பொத்தான்கூட மின்னாதவர். எதைப் பேசினாலும் "இந்தச் செக்ஷன்படி" என்றே ஆரம்பிப்பதால், குடிவந்த சில மாதங்களிலேயே கட்டடம் அவருக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது.

"செக்ஷன் தெரியுமில்ல? மெடல் வாங்கினவங்கதான் இடது பக்கம் குத்தலாம். அவங்க இறந்துட்டா வாரிசு வலது பக்கம். வாரிசு இடது பக்கம் குத்தினா, அந்த வீரத்தை நான்தான் செஞ்சேன்னு பொய் சொல்ற மாதிரி. மெடலைத் திரும்ப எடுத்துக்குவாங்க. நான் பார்த்துட்டுச் சும்மா இருக்கமாட்டேன்."

கண்ணாடிக்கடைக்காரர் கடைச் சாவியைத் திரும்பப் பைக்குள் போட்டார்.

மெடல் அவர் மனைவியுடையது. ராணுவ நர்ஸ். எல்லையோர ஆஸ்பத்திரி தீப்பிடித்தபோது நோயாளிகளை ஒவ்வொருவராக வெளியே கொண்டுவந்தாள். கடைசி ஆளுக்காக உள்ளே போனவள் திரும்பவில்லை. செக்ஷன் சார் இந்தக் கட்டடத்துக்குக் குடிவருவதற்கு முன்பே அது நடந்தது; அவளை அவர் பார்த்ததே இல்லை. அனுப்பிவைக்க எதுவும் மிஞ்சவில்லை என்றார்கள். வீடு வந்து சேர்ந்தது அந்த மெடல் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு அவர் எதைப் பார்த்துக்கொண்டு இருப்பது?

படியேறி உள்ளே ஓடினார். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் கோட்டு தொங்கியது. கோட்டு அவருடையதுதான், ஆனால் அவர் போட்டதைவிட அவள் போட்டதே அதிகம். குளிர் தாங்காதவள். போட்டால் கோட்டுக் கை அவள் விரல்நுனி வரை தொங்கும்.

மெடல் இடது பக்கம் இருந்தது.

வலது பக்கம்தான் குத்திய ஞாபகம். ஆனால் எதிரில் உட்காருகிறவர்களின் இடக்கண்ணைத் தன் வலப்பக்கமாகவே பார்த்துப் பிழைப்பு நடத்துகிறவர் அவர். தொழில் புத்தி போகுமா? தன்னைத்தானே திட்டிக்கொண்டு ஊசியைக் கழற்றி வலது பக்கம் மாற்றிக் குத்தினார். கோட்டுக் கைகள் இரண்டும் மடிந்து கிடந்தன. இஸ்திரிக்காரர் சோம்பேறியாகிவிட்டார் என்று நினைத்து நீவிவிட்டார். துணி குளிர்ந்திருந்தது, அப்போதுதான் வெளியிலிருந்து வந்ததுபோல.

மறுநாள் காலையும் செக்ஷன் சார் படியில் நின்றார்.

"எச்சரிச்சும் கேக்கலியே நீங்க?"

மெடல் மறுபடியும் இடது பக்கம். கைகள் மறுபடியும் மடிந்திருந்தன.

"அந்த ஆளுக்குக் கண்ணு அவிஞ்சுபோச்சு அத்தான்," என்றாள் மச்சினி. டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். அக்கா போனதிலிருந்து தினமும் வந்து வீட்டை ஒழுங்கு செய்துவிட்டுப் போவாள். அவளிடமும் ஒரு சாவிக் கொத்து உண்டு. "மூக்குல ஒரு கண்ணாடி மாட்டியிருக்காரே, அது அவரோட தாத்தா போட்டதா?"

"அவர் கண்ணு சரியில்லேன்னா, மெடல் எப்படி இடது பக்கம் போச்சு?"

"நீங்க குத்தறப்பவே தப்பாக் குத்தியிருப்பீங்க. அவர் வாயை அடைக்க வழி பாருங்க."

கண்ணாடிக்கடைக்காரருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். செக்ஷன் சாரைக் கடைக்கு அழைத்து உட்காரவைத்து, கண்ணைச் சோதித்து, கையிலிருந்த லென்ஸிலேயே நல்லதாகப் பார்த்து ஒரு கண்ணாடி செய்துகொடுத்தார். காசு வாங்கவில்லை.

செக்ஷன் சார் மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார். எதிர்க் கடைப் பலகையைப் படித்தார். அதற்குக் கீழே இருந்த சின்ன எழுத்தையும் படித்தார்.

"அடடா! உலகம் இவ்வளவு அழுக்காவா இருந்துச்சு?"

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாயிற்று. அதுவரை ஏதோ உருவம் என்று பார்த்தவர் இப்போது விவரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"ரிப்பன்ல ரெண்டு வெள்ளைக் கோடு, நடுவுல சிவப்பு. சரியா? ஊசி கொஞ்சம் சாஞ்சிருக்கு. கோட்டுக் கையை ரெண்டு மடிப்பு மடிச்சிருக்கீங்க. கைப்பிடிச் சுவரைப் புடிச்சுக்கிட்டு, யாரோ வரணும்னு காத்திருக்கிற மாதிரி தெருவையே பார்க்குறீங்க. முகத்தை மட்டும் இந்தப் பக்கம் காட்டவே மாட்டேங்கிறீங்க. பயமா?"

"சார், உங்களுக்கு நான்தானே கண்ணாடி போட்டுவிட்டேன்!"

"அதனாலதான் தெளிவாத் தெரியுது. ரொம்ப நன்றி. புகார் எழுதிப் போட்டுட்டேன். நாளன்னைக்கு விசாரணைக்கு ஆள் வர்றாங்க."

அன்று கண்ணாடிக்கடைக்காரர் கோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவியைக் கடைக்கு எடுத்துப்போனார். சாயங்காலம் முழுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டபடியே வியாபாரம் பார்த்ததில், ஒருவருக்கு வேறொருவரின் கண்ணாடியைக் கொடுத்தனுப்பிவிட்டார். இருட்டும்போது கடையை அடைத்துவிட்டுத் தெருவில் வந்தார். கால் தன்னால் நின்றது. அண்ணாந்து பார்த்தார். பால்கனி காலியாக இருந்தது. ஆனால் அங்கே விளக்கு எரிந்தது. அந்த விளக்கை அவர் போடுவதில்லை. அவள் இருந்தபோது, அவர் கடையிலிருந்து வருகிற நேரத்தில் எரியும்.

பீரோ பூட்டியபடியே இருந்தது. திறந்தார். கோட்டு ஹேங்கரில் தொங்கியது. மெடல் இடது பக்கம். கைகள் ரெண்டு மடிப்பு. கழுத்துப் பட்டையில் லேசாக ஆஸ்பத்திரி ஸ்பிரிட் வாசனை.

கட்டிலில் உட்கார்ந்து வெகுநேரம் யோசித்தார். பீரோவுக்கு இரண்டாவது சாவி ஒன்று உண்டு. அது மச்சினி வைத்திருக்கும் கொத்தில்தான் இருக்கிறது.

பாவம், அவளா? கூடப்பிறந்தவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, கூடப்பிறந்தவள் நின்ற இடத்தில் நின்று பார்க்கிறாளா? கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் அழுவாள். காட்டிக்கொடுத்தால் அவள் மேல் வழக்கு வரும்.

மறுநாள் காலை வந்த மச்சினி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். "அத்தான், ராத்திரி தூங்குறீங்களா?"

"தூங்குறேன். நீ?"

"எனக்கென்ன? நான் தூங்குறேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் இரக்கத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

விசாரணை நாளன்று மச்சினி உள்ளறைக்குப் போய், சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்த அக்காவின் படத்தைத் தூக்கிவந்தாள். கண்ணாடிக்கடைக்காரரால் அந்த முகத்தைப் பார்க்க முடியாததால் அது அப்படிக் கிடந்தது. செய்தி வந்த நாளிலிருந்து அதை யாரும் நிமிர்த்தவில்லை.

"வேண்டாமே," என்றார்.

"மெடல் சம்பந்தமா வர்றாங்க. மெடல்காரி படம்கூட இல்லேன்னா என்ன நினைப்பாங்க? கண்ணை மூடிக்கிட்டு ஆணியைப் புடிங்க."

கூடத்துச் சுவரில் மாட்டினாள். அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே நாற்காலிகளைப் போட்டார்.

விசாரணை அதிகாரி சளி பிடித்த மனிதர். விதியைப் பாதி படிப்பார், பாதி தும்முவார். கோட்டைப் பார்வையிட்டார். காலையில் வலது பக்கம் மாற்றிக் குத்தியிருந்த மெடலை உள்ளங்கையால் தூக்கிப் பார்த்தார். செக்ஷன் சார் இன்னும் வரவில்லை. வந்தபோது வழக்கமான மிடுக்கு இல்லை. முகம் வெளிறியிருந்தது. வாசலிலேயே நின்றார்.

"பொய்யாக இடப்பக்கம் அணிந்தது நிரூபணமானால், மெடல்... ஹச்... அரசிடம் திரும்பும். புகார் உண்மையா?"

"உண்மை," என்றார் கண்ணாடிக்கடைக்காரர். "நான்தான் குத்திக்கிட்டு நின்னேன். தண்டனை எதுன்னாலும் எனக்குக் கொடுங்க. மெடலை மட்டும் விட்டுடுங்க."

"பொய் சார்!" என்று எழுந்தாள் மச்சினி. "நான்தான் போட்டேன். அத்தான் அந்நேரம் கடையில இருந்தாரு. வேணும்னா வாடிக்கைக்காரங்களைக் கேளுங்க."

"நீ சும்மா இரு!"

"நீங்க சும்மா இருங்க! தூக்கமில்லாம தன்னை மறந்து திரியுறவரைப் போய் யாராவது விசாரிப்பாங்களா?"

"யாரு தன்னை மறந்து திரியுறது? உன்னைக் காப்பாத்தத்தானே நான் சொன்னேன்!"

"உங்களைக் காப்பாத்தத்தான் நான் சொன்னேன்! இடது எது வலது எதுன்னு ஊருக்கே சொல்லிக்கொடுக்கிறவ நான். போட்டிருந்தா சரியான பக்கம் குத்தியிருக்கமாட்டேனா?"

நீயும் இல்லையா என்று ஒருவரை ஒருவர் கேட்காமல் கேட்டுக்கொண்டார்கள். பால்கனிக் கதவு மெல்ல அசைந்து நின்றது.

அதிகாரி கைக்குட்டையால் மூக்கை அழுத்திக்கொண்டு வாசலைப் பார்த்தார். "நீங்கதானே பார்த்தவர்? யாரை எழுதிக்கட்டும்? இவரையா, இந்தம்மாவையா?"

செக்ஷன் சார் சுவரில் இருந்த படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புதுக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, வாழ்நாளில் ஒரு நாளும் அணிவகுப்பில் நிற்காத அந்தக் குமாஸ்தா, குதிகால்களைச் சேர்த்து விறைத்து நின்று படத்துக்கு ஒரு சல்யூட் வைத்தார்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கறேன் சார். நேத்துத்தான் பால்கனியில நின்னவங்க முகத்தை இந்தப் பக்கம் திருப்பினாங்க. அவங்க மெடலை அவங்க இடது பக்கம் குத்திக்கிட்டா செக்ஷன்படி தப்பே இல்ல."