திரும்பி வருவதற்கு ஓர் ஆதாரம்

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் அப்துல் கனி, ஐம்பத்தெட்டு வயதுவரை எந்த அரசாங்கத்துக்கும் எந்தத் தொந்தரவும் கொடுத்ததில்லை. தவிட்டு மூட்டை, புண்ணாக்கு மூட்டை, வெள்ளிக்கிழமை ஜும்மா. மனுசனுக்கு உலகமே இவ்வளவுதான். மதுரைக்குப் போனால்கூடக் கடைசி பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுவார். வேற்றூர்த் தலையணையில் அவருக்குத் தூக்கம் வராது. அப்பேர்ப்பட்டவர் வந்தால் திரும்பிப் போகமாட்டாரோ என்று ஓர் அந்நிய நாடு பயந்துபோனது.

அந்த நாட்டின் பெயர் வேண்டாம். சொன்னால், சொன்னவனுக்கும் கேட்டவர்களுக்கும் சேர்த்து விசாவை மறுத்துவிடுவார்கள்.

விசயம் இதுதான். கனியின் ஒரே மகள் நர்கிஸ், கல்யாணமாகி அந்த நாட்டில் இருக்கிறாள். தலைப்பிரசவம். முறைப்படி தாய்வீட்டுக்கு வர வேண்டியவள். ஆனால் அவளுடைய விசாவைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தாள். அது கைக்கு வருகிறவரை அந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால், வைத்த காலைத் திரும்ப உள்ளே வைக்க முடியாதாம். தாய் ரஹ்மத் நிஷா மவுத்தாகி இரண்டு வருசமாகிறது. "அத்தா, நீங்களாவது வாங்க" என்று மகள் போனில் அழுதாள். கனிக்கும் ஒரே ஆசைதான். பிறந்த பிள்ளையின் காதில் முதன்முதலாகத் தொழுகைக்கு அழைக்கிற பாங்குச் சத்தம் விழ வேண்டும். அதைத் தாத்தாவாகிய தானே, பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு சொல்ல வேண்டும். பிள்ளைக்கு இன்னும் ஐந்து மாசம் இருந்தது. ஐந்து மாசத்தில் ஒரு மனுசன் நடந்தே போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார், பாவம்.

விண்ணப்பம் முப்பத்திரண்டு பக்கம். நீங்கள் எப்போதாவது போர்க்குற்றம் புரிந்ததுண்டா என்று ஒரு கேள்வி. பந்தல்குடியில் அதற்கு வசதி இல்லை என்பதால் இல்லை என்று போட்டார். எந்த நாட்டு அரசையாவது கவிழ்க்கும் எண்ணம் உண்டா என்று அடுத்த கேள்வி. தன் கடைக்கு முன்னால் நிறுத்துகிற லாரியையே நகர்த்தச் சொல்லத் தைரியமில்லாத மனுசன், அதற்கும் யோசித்துத்தான் இல்லை என்று எழுதினார். சென்னையில் கைரேகை எடுத்தார்கள். நாற்பது வருசம் மூட்டை தூக்கிய கையில் ரேகை எங்கே இருக்கிறது? ஐந்தாவது தடவை அழுத்தியபோதுதான் அப்படி ஓர் ஆள் இருப்பதை மெசின் ஒப்புக்கொண்டது. கட்டணத்தை வாங்கிக்கொண்டு, இது எக்காரணம் கொண்டும் திரும்பாது என்று ரசீதில் அச்சடித்தே கொடுத்தார்கள். ஆள் திரும்புவாரா என்பதுதான் அவர்களுடைய கவலையெல்லாம்.

பதினெட்டாம் நாள் பதில் வந்தது. 'உம்முடைய மனைவி உயிருடன் இல்லை. உம்முடைய ஒரே வாரிசு எமது நாட்டில் வசிக்கிறார். எனவே நீர் தாய்நாடு திரும்புவதற்குப் போதிய காரணம் உமக்கு இருப்பதாக யாம் திருப்தியுறவில்லை.' கனி அந்தக் கடிதத்தைக் கல்லாவில் வைத்து மூன்று தடவை படித்தார். பொண்டாட்டி செத்ததற்கு ஊர்க்காரர்கள் துக்கம் விசாரித்திருக்கிறார்கள். அதையே ஒரு குற்றமாக எழுதி அனுப்பியவர்கள் இவர்கள்தான். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அருப்புக்கோட்டையில் ஒரு செல்போன் கடை மாடியில் விசா ஆலோசனை மையம் இருந்தது. போன வருசம்வரை அது ஜெராக்ஸ் கடை. இப்போது ஏசி போட்டு, சுவரில் உலக வரைபடம் ஒட்டியதால் ஆலோசனை மையமாகிவிட்டது. அங்கே சுகப்பிரியா என்ற பெண், கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஊர் வெயிலுக்குக் கோட்டு போடுகிறவள் விசயம் தெரிந்தவளாகத்தான் இருக்க வேண்டும் என்று கனி நம்பினார்.

"அங்கிள், ஒங்க பைல்ல ஊரோட கட்டிப்போடுற பந்தமே இல்லை" என்றாள் அவள். கடையா, அதைப் பூட்டிவிட்டுப் போகலாம். வீடா, அதையும் பூட்டலாம். ரெண்டு ஏக்கர் நிலம் இருக்கிறதே என்றார் கனி. அதில் என்ன விளைகிறது என்று கேட்டாள். சீமைக் கருவேலம் என்றார். அதற்காக யாரும் விமானம் ஏறித் திரும்பி வரமாட்டார்கள் என்று அவள் சொல்லிவிட்டாள். பிறகு கோட்டுக் கையைச் சுருட்டிக்கொண்டு கேட்டாள்.

"கேஸு கீஸு ஏதாச்சும் இருக்கா?"

"அய்யய்யோ, இல்லத்தா. நான் போலீஸ் ஸ்டேசன் வாசப்படிய மிதிச்சதே கெடையாது."

"அதான் அங்கிள் ஒங்க பிரச்சினை. கிரிமினல் வேண்டாம். சிவில் கேஸு போதும். அதுலயும் வரப்புத் தகராறுன்னா ரொம்ப நல்லது. நம்ம பக்கத்து ஆளு பொண்டாட்டி பிள்ளைய விட்டுட்டுப் போவாரு, வீடு வாசலை விட்டுட்டுப் போவாரு. வரப்புக் கேஸை விட்டுட்டு எங்கயாச்சும் போயிருக்காரா?"

கனி யோசித்துப் பார்த்தார். அப்படிப் போனவர் ஒருவர்கூட அவர் நினைவுக்கு வரவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் சோலைச்சாமி. இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். நோன்புப் பெருநாளுக்கு அவர் வீட்டுக்குப் பிரியாணி போகாமல் கனி வீட்டில் சட்டி இறக்கியதில்லை. நர்கிஸைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்தவர். விவரத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏலே, இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு வந்த? போடு கேஸை. அந்தப் பிள்ளைக்காக நான் ஜெயிலுக்கே போவேன்."

இரண்டு பேரும் ஒரே பைக்கில் அருப்புக்கோட்டைக்குப் போய் ஒரே டீயை இரண்டு கிளாஸில் ஊற்றிக் குடித்துவிட்டு, வக்கீல் அழகுராஜாவைப் பார்த்தார்கள். வரப்பின் நடுவில் நின்ற ஒரு சீமைக் கருவேல மரத்தை வழக்குச் சொத்தாகத் தேர்ந்தெடுத்தார்கள். அழகுராஜா நியாயஸ்தர். எதிர்க்கட்சிக்கும் ஆள் வேண்டுமே என்று தன் ஜூனியரையே சோலைச்சாமிக்கு ஏற்பாடு செய்து கொடுத்தார்.

எத்தனையோ உண்மையான வழக்குகள் அசையாமல் படுத்துக்கிடக்கிற காலத்தில், இந்தப் பொய் வழக்கு மட்டும் எழுந்து ஓடியது. முதலில் வாதியின் மனு. 'பிரதிவாதியானவர் தம் தகப்பனார் காலந்தொட்டே குடியும் அடாவடியுமாக வாழ்ந்துவரும் குடும்பத்தைச் சார்ந்தவராகையால்' என்று தொடங்கியது. அதற்குப் பதில் மனு. 'வாதியின் தகப்பனார் இரவோடிரவாக வரப்பை நகர்த்தும் வழக்கமுள்ளவர் என்பது ஊரறிந்த உண்மையாகும்' என்றது. விசா பைலில் வைப்பதற்காக நகல் வாங்கியபோதுதான் கனி அதைப் படித்தார்.

எங்க அத்தாவையா இப்படி எழுதுன என்று கேட்டுக்கொண்டு நேரே கரிமூட்டத்துக்குப் போனார். அது வக்கீல் எழுதியது, தான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன் என்றார் சோலைச்சாமி. படிக்காமலா போட்டாய் என்றார் கனி. எங்கய்யாவைக் குடிகாரன் என்று நீ எழுதியதை நான் படித்துவிட்டுத்தானே போட்டேன் என்றார் சோலைச்சாமி. அன்றைக்குக் குடித்த டீக்குத் தனித்தனியாகக் காசு கொடுத்தார்கள்.

அதற்கப்புறம் கோர்ட்டு அனுப்பிய சர்வேயர் வந்தார். சங்கிலி பிடித்து அளந்தார், குனிந்து பார்த்தார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒன்றரை அடி என்றார். வரப்பு, கனியின் நிலத்துக்குள் ஒன்றரை அடி ஏறி வந்திருக்கிறது. யார் ஏற்றியது, எந்தக் காலத்தில் ஏற்றியது என்பது அந்த வரப்புக்கே தெரியாது. ஐம்பது வருசமாக அந்த ஒன்றரை அடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். கனி சோலைச்சாமியைப் பார்த்தார். சோலைச்சாமி சர்வேயரைப் பார்த்து, எவ்வளவு வாங்கினீர் என்று கேட்டார். அடுத்த வாய்தாவுக்கு ஒருவர் எட்டு மணி பஸ்ஸிலும் மற்றவர் எட்டே கால் பஸ்ஸிலும் போனார்கள்.

இந்தப் பைலையெல்லாம் இங்கிலீஸில் பெயர்த்து, நோட்டரி முத்திரை குத்தி, மறுபடியும் திரும்பாத கட்டணத்தைக் கட்டி, சுகப்பிரியா அனுப்பி வைத்தாள். பன்னிரண்டாம் நாள் விசா வந்தது. 'விண்ணப்பதாரர் எக்காலத்திலும் தம் ஊரை விட்டு நிரந்தரமாக நீங்க இயலாதவர் என யாம் முழுத் திருப்தியுற்றோம்.' சுகப்பிரியா கோட்டோடு எழுந்து நின்று கை கொடுத்தாள். பிள்ளை பிறக்க இன்னும் இருபது நாள் இருந்தது.

"டிக்கெட் போட்டுரட்டுமா அங்கிள்?"

"இந்த மாசம் பத்தொம்பதாந் தேதி வாய்தா இருக்குத்தா. முடிச்சிட்டுச் சொல்றேன்."

நர்கிஸ் அன்றைக்கே போன் பண்ணினாள். விசா வந்துவிட்டதே, இன்னும் ஏன் யோசனை என்று கேட்டாள். தான் இல்லாத நேரம் பார்த்து அவன் மரத்தை வெட்டிவிட்டால் சாட்சியே போய்விடும் என்றார். வாய்தாவுக்கு ஆள் வராவிட்டால் அவன் பக்கம் தீர்ப்பாகிவிடும் என்றார்.

"அத்தா, அது விசாவுக்காகப் போட்ட பொய்க் கேஸுதானே?"

"பொய்க் கேஸா? ஒன்றரை அடிம்மா" என்றார் கனி.

அவள் போனை வைத்துவிட்டாள். கனிக்கு அழுகைகூட வந்தது. ஆனால் அதற்கும் சோலைச்சாமிதான் காரணம் என்று முடிவு செய்துகொண்டார்.

பத்தொன்பதாம் தேதி. கோர்ட்டு வராண்டாவில் பைலை மடியில் வைத்துக்கொண்டு கனி உட்கார்ந்திருந்தார். எதிர் பெஞ்சில் சோலைச்சாமி. பதினொரு மணிக்குப் போன் அடித்தது. மாப்பிள்ளை. நாள் முந்திக்கொண்டு பிள்ளை பிறந்துவிட்டது. பையன். சுகப்பிரசவம். "மாமா, பிள்ளை காதுகிட்ட போனை வச்சிருக்கேன். அங்கிருந்தாவது நீங்களே பாங்கு சொல்லுங்க."

கனி எழுந்தார். செருப்பைக் கழற்றினார். தோள் துண்டைத் தலையில் கட்டினார். போனுக்குள்ளே பிள்ளை சிணுங்குகிற சத்தம் கேட்டது. வாயைத் திறக்கப் போன நேரம், கோர்ட்டு வாசலிலிருந்து டவாலி கூப்பிட்டான். அப்துல் கனி. அப்துல் கனி. மூன்று தடவைதான் கூப்பிடுவான்.

"ஒரு நிமிசம் மாப்ளே" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

நீதிபதி பைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, வழக்கை இரண்டு மாதம் தள்ளி வைத்தார். கனி வெளியே வந்து போனைப் பார்த்தார். இணைப்புத் துண்டாகியிருந்தது. எவ்வளவு நேரந்தான் காத்திருப்பது என்று தானே பாங்கு சொல்லிவிட்டதாக மாப்பிள்ளை செய்தி அனுப்பியிருந்தான். கூடவே ஒரு போட்டோ. கனி கண்ணைத் துடைத்துத் துடைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சோலைச்சாமி பிறகு அருகே வந்தார். இரண்டு மாசத்துக்குப் பிறகு முதல்தடவையாக வாயைத் திறந்தார்.

"ஏலே கனி, நம்ம நர்கிஸுக்கு என்ன பிள்ளைடா?"

கனி போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமாக் கேளு."