சென்றியரும் மூன்று வைரஸ் கார்டும்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மறதியும் கூட. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்று நிச்சயம். யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகப் பக்கம் சென்றியரைப்போல எதையும் நம்பாத மனிதர் இருந்ததில்லை. மழைக்குக்கூட முதலில் ஒரு கையை நீட்டி, பிறகு மற்றக் கையையும் நீட்டிப் பார்த்துத்தான் குடை விரிப்பார்.

கொம்பியூட்டர் கடை வைத்திருந்தார். ஊரில் அப்போது சந்திக்குச் சந்தி சென்றி, ஆமியின் சோதனைக் காவல். ஆமிக்குப் பையைத் திறந்து காட்டாமல் மீன் வாங்கக்கூடப் போக முடியாது. அவர் கடையிலும் அதே கதைதான். எந்தப் பென் ட்ரைவ் வந்தாலும் மூன்று கொம்பியூட்டரில் ஏறி இறங்க வேண்டும். ஒவ்வொன்றிலும் வைரஸைத் தேடிப் பிடிக்கிற ஒவ்வொரு காவல் புரோகிராம், வைரஸ் கார்ட் என்பார். அதனால்தான் அவருக்குச் சென்றியர் என்று பெயர்.

வைரஸை அவர் புழு என்பார், மூன்று கார்டுக்கும் அவரே பெயர் வைத்திருந்தார். நித்திரையர் எது வந்தாலும் போகவிடுவார். பதறியடிக்கிற பதகளியர் புழுவைக் கண்டால் அது இருந்த வீட்டையும் சேர்த்துக் கொளுத்துவார். ஆமையர் புழுவை மட்டும் பிடிப்பார், அதற்குள் நீங்கள் உப்புவெளிக்குப் போய்க் கடலில் குளித்துவிட்டு வரலாம். பிடிபட்ட புழுக்களை ஒரு சீடீயில் உயிரோடு வைத்திருந்தார். அடிக்கடி அதைப் போட்டு, மூவரில் யார் கூடுதலாகப் பிடிக்கிறார் என்று பார்ப்பார். நாய் பூனை வளர்க்காத மனிதர் புழு வளர்க்கிறார் என்று அயல் சிரித்தது.

என் மகளின் கலியாணம் கனடாவில் நடந்தது. எனக்குப் போகக் கிடைக்கவில்லை. படங்களைப் பென் ட்ரைவில் போட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டில் போட்டுப் பார்த்தால் வெறுமை. அவளுடைய கொம்பியூட்டரும் ஏதோ புழு புகுந்து படுத்துவிட்டதாம். வேறு பிரதி இல்லை.

பயந்து பயந்து சென்றியரிடம் போனேன். அவர் கையை நீட்டியதும், பழக்கத்தில் அடையாள அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துத் திருப்பித் தந்தார்.

"நீங்கள் ஓகே அம்மா. பென்னைத் தாங்கோ."

நித்திரையர் ஒன்றுமில்லை என்றார். பதகளியர் திரையெல்லாம் சிவப்பாக்கி, எல்லாவற்றையும் அழிக்கட்டா என்று கேட்டார். சென்றியர் பென்னை இழுத்தெடுத்தார்.

"இவன்ர கையில விட்டா மாப்பிள்ளையும் இல்லை, பொம்பிளையும் இல்லை."

படங்கள் உள்ளேதான் இருக்கின்றன, புழு ஒளித்துவைத்திருக்கிறது என்றார். உடனே ஆமையரிடமும் கொடுக்கவில்லை. சீடீயில் இருந்த அதே சாதிப் புழுவைத் தன்னுடைய படங்களுக்குள் விட்டு, ஆமையர் படத்துக்குச் சேதமில்லாமல் பிடிக்கிறாரா என்று பார்த்தார். அதன் பிறகுதான் என்னுடையது.

ஆமையரின் பச்சைக் கோடு திரையில் மெல்ல நகர்ந்தது. விசிறி சுற்றியது. துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது. திரையின் நீலம் மேசையில் தண்ணீர்போலப் பரவ, என் கண் சொருகியது. அந்தத் தண்ணீரிலேயே நான் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

"அம்மா, வந்திட்டினம்."

கண்ணைத் திறந்தால் மகள் கூறைச் சேலையில் நிற்கிறாள். சென்றியர் கதிரையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"ஏன் தம்பி அங்கால பாக்கிறீங்கள்?"

"புழுவைப் பாக்கிறதுதான் என்ர வேலை. வீட்டுப் படம் உங்கட."

கைப்பையிலிருந்து சோற்றுப் பார்சல் வரை யார் யாரோ கிளறிய காலம் அது. பிற ஆண்களோடு கதைக்கவே கூச்சப்படுகிற நான், அவருடைய கதிரையைப் பிடித்துத் திருப்பினேன்.

"என்ர பிள்ளையை நீங்களும் பாருங்கோ."

முதலில் திரையைச் சிவப்பாக்கியது பதகளியரா ஆமையரா என்று இப்போது குழம்புகிறது. துறைமுகப் பக்கத்து ஆட்கள் யாராவது சரிபார்த்துச் சொல்லுங்கள். சென்றியரே வாசித்துத் திருத்தினால் இன்னும் நல்லது.