முழு வீடும் உங்களுடையது

மாடியில் மின்விசிறி லொடலொடவென்று சத்தம் போடுகிறது என்று விருந்தாளி இறங்கி வந்து சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. கையிலிருந்த போனைத் தடவிக்கொண்டே, ரொம்பப் பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவுதான் சாவிக்காரரைப் பயமுறுத்தியது.

சாவிக்காரருக்குப் பூட்டு திறப்பது தொழில். சாவியைத் தொலைத்துவிட்டு வாசலில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பவர்களுக்கெல்லாம் அவர்தான் தெய்வம். எந்தப் பூட்டும் அவரைத் தோற்கடித்ததில்லை. அவரால் சமாளிக்க முடியாத ஒரே ஆள் மைத்துனன்.

அந்த மைத்துனன் போன வாரம் வந்து, மாடி சும்மாதானே கிடக்கிறது, குடும்பத்தோடு கொஞ்ச நாள் இருந்துகொள்கிறோமே என்று கேட்டான். நாலு தெரு தள்ளி நல்ல வீடு வைத்திருப்பவனுக்கு இங்கே என்ன வேலை? வந்து ஒட்டிக்கொண்டால் கிளம்பமாட்டான் என்று சாவிக்காரருக்குப் பயம்.

"மாடியை ஆப்ல வாடகைக்குப் போட்டாச்சே மச்சான். வெளியாள் வந்து தங்கப்போறாங்க" என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னார். அவன் தெருமுனை திரும்பியதும் அவசர அவசரமாக உண்மையிலேயே போட்டார்.

மனைவி லேசில் விடுகிறவள் இல்லை. முதல் விருந்தாளி அஞ்சு ஸ்டார் கொடுத்தால் மாடி உங்கள் இஷ்டம், ஒன்று குறைந்தாலும் அது என் தம்பிக்கு என்று தீர்த்துச் சொல்லிவிட்டாள். ஸ்டாரோ, விருந்தாளி கிளம்பும்போதுதான் போடுவார். அதுவரை அவர் வைத்ததுதான் சட்டம்.

ஆகவே சாவிக்காரர் தன் படுக்கையறை மின்விசிறியைக் கழற்றி மாடியில் மாட்டினார். காற்று நன்றாக வருகிறது, ஆனால் இந்த மெத்தைதான் முதுகைப் பிடிக்கிறது என்றார் விருந்தாளி. தன் மெத்தையையும் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டார். புருஷனும் பெண்டாட்டியும் கூடத்துத் தரைக்கு வந்து சேர்ந்தார்கள்.

அடுத்தது தண்ணீர். மாடிக் குழாயில் சொட்டுச் சொட்டாக வருகிறதாம். சாவிக்காரர் வால்வைத் திருகி வைத்தார். மாடியில் அருவி மாதிரி கொட்டியது. கீழே அறவே நின்றுபோனது. மனைவி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குக் குளிக்கப் போனாள். போகும்போது அவரைப் பார்த்த பார்வையில் எந்தப் பூட்டும் தானாகத் திறந்திருக்கும்.

மிக்ஸி சத்தம் காதைத் துளைக்கிறது என்றதும் சமையல் நின்றது. கூடத்திலிருந்து குறட்டை வருகிறது என்றதும் மாடிப்படிக் கதவைச் சாத்தினார். சாத்தியதால் மாடியில் புழுக்கம் என்று விருந்தாளி தலையணையோடு கீழே இறங்கி, கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். இன்னும் ஒரு மாதம் இருக்கப்போவதாகவும் சொன்னார்.

"உங்களுக்கு இங்க வேற என்ன சார் குறை?" என்று சாவிக்காரர் கேட்டேவிட்டார்.

"நான் குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. 'முழு வீடும் உங்களுடையதென்று நினைத்துக்கொள்ளுங்கள்'னு ஆப்ல நீங்கதான் எழுதியிருக்கீங்க" என்று விருந்தாளி போனை நீட்டிக் காட்டினார். "நானும் நினைச்சுப் பாக்கறேன், முடியல. நீங்க இருக்கீங்களே."

அழகாக இருக்கட்டும் என்று கை துறுதுறுத்து எழுதிய வரி அது. இப்போது அழித்தாலும் ஸ்டார் போய்விடும். சாவிக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி வீட்டுக்குப் போறேன். அங்கயாவது தண்ணி வரும். வர்றதுன்னா வாங்க."

ஊருக்கெல்லாம் சாவி போட்டுக் கொடுத்த மனிதர், தன் வீட்டுச் சாவியை விருந்தாளி கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார். பத்திரமாகப் போய்வாருங்கள் என்று விருந்தாளி வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

மைத்துனன் கதவைத் திறந்த வேகத்தில் சாவிக்காரர் கூனிக் குறுகிப்போனார். ஏன் வந்தீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்தான், தன் கட்டிலையே ஒழித்துக் கொடுத்தான். இப்படிப்பட்ட தங்கமான பிள்ளையையா மாடி ஏறவிடாமல் தடுத்தோம் என்று அவருக்கு மனசு குத்தியது. வெட்கத்தை விட்டு நடந்ததையெல்லாம் சொன்னார். மின்விசிறி, மெத்தை, வால்வு, மிக்ஸி, குறட்டை, ஒன்றையும் விடவில்லை. மைத்துனன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். பாவம், அக்காள் பட்ட பாட்டை நினைத்துக் கலங்குகிறான் போலிருக்கிறது.

"இப்படி ஒரு மனுஷனை நீ பாத்திருக்கவே மாட்டே மச்சான்" என்று முடித்தார் சாவிக்காரர்.

மைத்துனன் தன் மனைவியைப் பார்த்தான். அவள் காபித் தம்ளரைச் சாவிக்காரர் முன்னால் வைத்தாள்.

"இங்க எங்களோட வாடகைக்கு இருந்தவருதான்ணா அவரு. அவருக்குப் பயந்துதான் நாங்க உங்க மாடியைக் கேட்டோம். நீங்க தரமாட்டேன்னதும், அந்த ஆப்பைக் காட்டி அவரையே அங்க அனுப்பி வச்சிட்டோம்."