இரண்டு தரம் வேண்டாம் சொல்லப் போன தலைவர்

பதவி ஆசை எனக்கு எந்நாளும் இருந்ததில்லை என்று சொல்லிக்கொள்வேன். அது பொய். எண்பதுகளின் கடைசியில், கிழக்கு லண்டனில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவராவதற்கு நான் அலைந்த அலைச்சலில் இரண்டு சோடி சப்பாத்து தேய்ந்தது.

அமெரிக்காவில் ஒரு கட்சி தன் சனாதிபதி வேட்பாளரைப் பிடிக்க ஒரு வருடம் ஊர் ஊராகக் கத்துமாம். பாவங்கள். எங்களுக்கு ஃபாரஸ்ட் கேட்டில் செல்வம் அண்ணை வீட்டுக் குசினி போதும். அங்கே நாலு பேர் ஆட்டுக்கறியோடு இருந்து பெயரை முடிவு செய்வார்கள். அடுத்த ஞாயிறு நூற்றைம்பது உறுப்பினர்கள் கை தட்டுவார்கள் (தட்டுவதற்கு முழுச் சுதந்திரம் உண்டு).

அந்தக் குசினியில் இரண்டு மாதம் வெங்காயம் உரித்தேன். கடைசியில் செல்வம் அண்ணை என் தோளில் கை வைத்தார்.

"இந்தமுறை நீதான். ஆனா கேட்ட உடனே ஓம் எண்டிடாதை. ரெண்டு தரம் வேண்டாம் எண்டு சொல்லு. அப்பத்தான் சனம் மதிக்கும்."

நியாயம்தானே. தேத்தண்ணிக்கே இரண்டு தரம் மறுக்கிற ஆட்கள் நாங்கள். கண்ணாடி முன் நின்று மறுத்துப் பழகினேன். புதுக் கோட்டு வாங்கினேன். தோர்ண்டன் ஹீத்திலிருந்து மாமனார் வீட்டார் அத்தனை பேரையும் அழைத்தேன். (நான் ஒன்றுக்கும் உதவாதவன் என்பது அவர்களுடைய உறுதியான நம்பிக்கை. அதை அன்றோடு உடைப்பது என் திட்டம்.)

மண்டபத்தில் என் பெயரை முன்மொழிந்தார்கள். எழுந்து, கை கூப்பி, தகுதியானவர்கள் எத்தனையோ பேர் இருக்க எனக்கு வேண்டாம் என்றேன். குரல் கொஞ்சம் தழுதழுக்கவும் செய்தது. பிறகு இரண்டாம் தரம் கேட்பதற்காகக் காத்து நின்றேன்.

செல்வம் அண்ணை மிகுந்த கவலையோடு எழுந்தார்.

"தம்பி விருப்பமில்லை எண்டுறார். வற்புறுத்த ஏலாதுதானே."

சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசி எடுத்தார். அதில் அவருடைய மச்சானின் பெயர் ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. இளம் ஆட்கள் பலர் என் பக்கம் நின்றதால், போட்டி வந்தால் மச்சான் தோற்பார் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. மச்சான் ஒரு தரமும் மறுக்கவில்லை. நூற்றைம்பது பேரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.

வாசலில் மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"வேண்டாமெண்டால் பிறகேன் மருமகன் புதுக் கோட்டு?"

இன்றைக்கும் சாப்பாட்டு மேசையில் நான் மரியாதைக்கு ஒருமுறை வேண்டாம் என்றால், மனுசி மறுபடி கேட்பதில்லை. "அப்பா விலகிட்டார், அடுத்த ஆள் ஆர்?" என்று தட்டை மற்றப் பக்கம் தள்ளிவிடுவாள். போன கிழமை கடைசி இறால் வடை அப்படித்தான் எங்கள் மகளின் புருசனிடம் போனது.

அவனும் ஒரு தரமும் மறுக்கவில்லை.