பக்கத்துக் கம்பஸ்

ஓ.எல். பரீட்சை முடிவு வந்த அன்றே யோகலிங்கம் தீர்க்கமாக முடிவெடுத்துவிட்டார். மகள் தேனுகா அடுத்து ஏ.எல்லுக்கு மட்ஸ், அதாவது கணிதப் பிரிவுதான் படிக்கவேண்டும். நாளைக்குப் பல்கலைக்கழகத்தில், கம்பஸில், இடம் கிடைக்க வேண்டுமென்றால் இன்றைக்கே அத்திவாரம் போடவேண்டும்.

மகளை எஞ்சினியராகப் பார்க்கும் ஆசை என்றுதான் ஊர் நினைத்தது. அது இல்லை. பொறியியல் பீடம் பக்கத்தில், அறிவியல்நகரில் இருக்கிறது. முரசுமோட்டை வீட்டில் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு பஸ் ஏறினால் வகுப்புக்குப் போய்விடலாம். பின்னேரம் தேத்தண்ணிக்கு வீட்டில் நிற்பாள். அவள் எஞ்சினியரானாலும் சரி, எஞ்சின் ஒயில் விற்றாலும் சரி, அவருடைய கூரைக்குக் கீழே படுத்தெழும்பினால் போதும். யுத்தத்தில், கைக்குழந்தையாக இருந்தவளைத் தோளில் போட்டுக்கொண்டு முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் இடம் மாறி மாறி ஓடிய மனிதர் அவர். பிள்ளை வளர்ந்துவிட்டாள். தோள்தான் அவளை இன்னும் இறக்கிவைக்கவில்லை.

இதை மனைவி நேசமலரிடம் நேரே சொல்ல முடியாது. சொன்னால் காரியம் கெட்டது. அந்த வீட்டில் அவர் சொன்னதற்கு நேரெதிராகத்தான் எல்லாம் நடக்கும். மதிலுக்கு நீலம் என்றார், பச்சை அடித்தாள். வளவில் மாங்கன்று வைப்போம் என்றார், எலுமிச்சை முளைத்தது. மீன்குழம்புக்கு ஆசைப்பட்டு வாய்திறந்த நாளெல்லாம் கத்தரிக்காய்தான்.

ஆகவே தலைகீழாகப் போக முடிவெடுத்தார். பயோவை, உயிரியல் பிரிவைப் புகழ்வது. நேசமலர் உடனே எதிர்த்து மட்ஸ் என்பாள். கொஞ்சம் முறுகிவிட்டு, மனமில்லாத மாதிரி விட்டுக்கொடுப்பது. வயலில் வரம்பு கட்டிக்கொண்டே இதை யோசித்தவருக்குத் தன் மூளையை நினைத்துப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் சோறு போடும்போது தொடங்கினார்.

“தேனுகாவைப் பயோ படிக்க விடுவம்.”

“என்ன, பயமோ?”

“பயம் இல்லை. பயோ.”

“உங்கட வாயில ரெண்டும் ஒருமாதிரித்தான் கேக்குது,” என்று கீரையை வைத்தாள் நேசமலர். “சரி, படிக்கட்டும்.”

யோகலிங்கம் எடுத்த கவளம் பாதி வழியில் நின்றது.

“யோசிச்சுத்தான் சொல்லுறியோ?”

“நீங்கள் யோசிச்சுத்தானே சொன்னனீங்கள்?”

“ஓம்... எண்டாலும் நீ வேண்டாம் எண்டுவாய் எண்டு...”

“ஏன் வேண்டாம்? வருசத்தில ஒருக்கா நல்ல கதை கதைக்கிறியள்.”

அந்த நேரம் பார்த்துக் குசினி வாசலில் தேனுகா. “அப்பா, உண்மையாப் பயோ படிக்கட்டோ?” என்றாள். அவள் முகம் போன கரண்ட் திரும்பி வந்த வீடுபோல இருந்தது. “ஓம் பிள்ளை,” என்றார். அந்த முகத்துக்கு வேறு என்னத்தைச் சொல்வது?

அடுத்த நாளிலிருந்து தான் சொன்னதைத் தானே வெட்டத் தொடங்கினார்.

“பயோ எண்டால் பூச்சி, தவளை எல்லாம் வெட்டோணுமாம்.”

“கரப்பானைக் கண்டால் கதிரையில ஏறுறது நீங்கள். அவள் இல்லை.”

“நிறையப் பாடமாக்கவும் வேணுமாம்.”

“அவளுக்கு என்ர ஞாபகசக்தி. எங்கட கலியாண வீட்டில என்ர மாமியைப் பற்றி நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு இப்பவும் வரிவரியாச் சொல்லுவன். சொல்லட்டோ?”

வேண்டாம் என்றார்.

“மட்ஸ் எண்டால் பாரன்...”

“மட்ஸ் மட்டமாம். நீங்கள்தானே சொன்னியள், பயோதான் திறம் எண்டு. எனக்கும் அது மனசில பட்டிட்டுது.”

மிஞ்சியிருந்தது பள்ளிக்கூடம். வகுப்பில் சேர்க்கத் தாய் தகப்பன் இரண்டுபேரும் வரவேண்டும் என்றிருந்தார்கள். டீச்சருக்கு முன்னால் மட்ஸ் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டால், வெளியாட்களுக்கு முன்னால் நேசமலர் வாய் திறக்கமாட்டாள்.

திறந்தாள். அதுவும் அவர் கதிரையை இழுத்துப்போட்டு இருப்பதற்கு முன்பே.

“டீச்சர், பயோ எண்டு இவர்தான் ஒரே பிடியா நிக்கிறார். பிள்ளையின்ர ஆசைக்குக் குறுக்க நிக்கக் கூடாதாம்.”

விமலேஸ்வரி டீச்சர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோகலிங்கத்தைப் பார்த்தார். “இஞ்ச வாற அப்பாமார் தங்கட ஆசையைத்தான் பிள்ளையில ஏத்துவினம். உங்களைப்போல ஒராளை இண்டைக்குத்தான் பாக்கிறன், ஐயா. தேனுகா போன வருசத்திலயிருந்து என்னட்டை இதைத்தான் கேட்டுக்கொண்டு திரியிறாள்.”

அரசாங்கக் கந்தோர் வரிசைகளில் “அங்கால போய் நில்லுங்கோ” என்பதை மட்டுமே கேட்டுப் பழகிய காது. ஐயா என்ற சொல் அதற்குள் தேன்மாதிரி இறங்கியது.

“பிள்ளையின்ர சந்தோசம்தானே டீச்சர் முக்கியம்,” என்றார். சொல்லி முடித்தபிறகுதான் அவருக்கு மட்ஸ் ஞாபகம் வந்தது.

மனைவியை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு வாய்க்கால் ஓரமாகத் திரும்பி வரும்போது திடீரென்று ஒரு வெளிச்சம். பயோ படித்தால் விவசாய பீடம் இருக்கிறதே. அதுவும் அறிவியல்நகரில்தான். அதே பஸ்.

“இஞ்ச பார், பயோ செய்திட்டு அவள் விவசாய பீடத்துக்குப் போகலாம். பக்கத்தில.”

“போகலாம்தான். அவள் மிருக வைத்தியம் எண்டெல்லோ நிக்கிறாள்.”

“மாட்டு டொக்டரோ?”

“போன மாரி வெள்ளத்தில டொக்டர் வரேலாமல் போக, எங்கட சிவலைப் பசு கண்டு போடேலாமல் கிடந்துதெல்லே. நீங்கள் றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள். டொக்டர் போனில சொல்லச் சொல்லக் கண்டை இழுத்தெடுத்தது ஆர்? கையெல்லாம் இரத்தத்தோட வந்து என்னட்டைச் சொன்னவள், அம்மா, இதுதான் நான் படிக்கப்போறன் எண்டு.”

யோகலிங்கத்துக்கு நெஞ்சு நிமிர்ந்தது. கொஞ்சத் தூரம் போனபிறகு கேட்டார்.

“அது எங்க படிப்பிக்கிறவை?”

“பேராதனையில, கண்டிப் பக்கம்.”

“வேற எங்க?”

“வேற ஒரிடமும் இல்லை.”

மோட்டார் சைக்கிள் நின்றுவிட்டது. யோகலிங்கம் இறங்கவில்லை. வாய்க்கால் தண்ணீர் போய்க்கொண்டேயிருப்பதைப் பார்த்தபடி இருந்தார்.

“நான் மட்ஸ் எண்டுதான் நினைச்சிருந்தனான்,” என்றார் கடைசியில்.

“தெரியும்.”

“எப்பயிருந்து?”

“நீங்கள் பயோவைப் புகழேக்கயே. உங்களுக்குப் பிடிச்ச ஒண்டையும் நீங்கள் எனக்கு முன்னால புகழ்ந்ததில்லை. என்னையும் சேர்த்து.”

அவர் பக்கக் கண்ணாடியைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார்.

“மறிச்சால் அவள் நிப்பாள்,” என்றாள் நேசமலர், குரலைத் தணித்து. “உங்களுக்காக நிப்பாள். பிறகு ஒவ்வொரு மாட்டைப் பாக்கேக்கயும் உங்களைத்தான் நினைப்பாள். அது உங்களுக்கு வேணுமோ?”

“வேண்டாம்.”

“ஆசை வந்தால் போய்ப் பாக்கலாம். கண்டிக்குப் போற பஸ்ஸெல்லாம் விசாரிச்சு வைச்சிருக்கிறன்.”

யோகலிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு மோட்டார் சைக்கிளைத் திரும்ப ஸ்டார்ட் செய்தார்.

“அப்ப இனி வீட்டில நீயும் நானும் மட்டும்தான்,” என்றார்.

“ஓம்,” என்றாள் நேசமலர். “அதை நினைக்கத்தான் எனக்கும் யோசனையாக் கிடக்கு.”